காசைப் பார்த்துக் கட்டிய கோயில்

“அண்ணே, அந்தக் காசை இன்னொரு தடவை காட்டுங்க” என்றார் கொத்தனார் ஜோசிமோஸ்.

மெனெக்ராத் வெண்கலக் காசை நீட்டினார். ஒரு பக்கம் ரோம் சக்கரவர்த்தியின் தலை. மறுபக்கம் நாலு தூண் கோயில், நடுவே அகலமான இடைவெளியில் ஆர்ட்டெமிஸ் அம்மன். அந்தக் காசுக்கு அச்சு வெட்டியது அவர்தான், மீசை அரும்பிய வயதில்.

அதற்கடுத்த வருடமே நிலம் நடுங்கியது. கோயிலும் போனது, பாதி ஊரும் போனது. அம்மன் சிலை மட்டும் தப்பியது. பழைய கோயிலைக் கண்ணால் கண்டவர்கள் இன்று இரண்டே பேர்: மெனெக்ராத், பூசாரிக் கிழவி அப்பியா. அப்பியாவுக்குக் கண்ணும் போய்விட்டது. ஆகவே நகரசபை, காசைப் பார்த்தே கோயிலைக் கட்டச் சொன்னது. காசில் இருப்பது உள்ளது உள்ளபடிதான் என்று மெனெக்ராத் சத்தியம் செய்து, அதற்கு மரியாதையாக ஒலிவ மாலையும் வாங்கிக்கொண்டார்.

“அச்சு அசல்ண்ணே!” கட்டி முடித்த கோயிலைக் காசோடு ஒப்பிட்டு ஜோசிமோஸ் பூரித்தார். “உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“பக்தி.”

விடியும் முன்பே ஊர் திரண்டிருந்தது. ‘இது அம்மா வீடுதான்’ என்று அப்பியா வாய் திறந்து சொன்னால் பூசை. இல்லையென்றால் கோயிலை இடித்துவிட்டு மெனெக்ராத்தும் ஜோசிமோஸும் மலையில் கல்லுடைக்கப் போகவேண்டும்.

மெனெக்ராத்தின் தோளைப் பிடித்தபடி அப்பியா ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டே நடந்தாள். கடைசித் தூணைத் தாண்டியும் அவள் கை காற்றில் துழாவியது. நெற்றி சுருங்கியது. உள்ளே போய் அம்மன் காலடியில் நின்றாள்.

மலைக்கு மேல் சூரியன் எழுந்தது. நடுத்தூண்களின் அகலமான இடைவெளி வழியே பாய்ந்த வெளிச்சம் நேராக அம்மன் முகத்தில் விழுந்தது. பளிங்குக் கன்னம் உயிர் வந்ததுபோல் சிவந்தது. கூட்டம் மூச்சுவிட மறந்தது.

அப்பியாவின் முகத்திலும் வெயில் சுட்டது.

“இங்க வெயில் வந்ததே கிடையாதே... அம்மா முகத்துல படுதாடா?”

“படுது தாயே. சிரிக்கிற மாதிரி இருக்கு.”

“இது அம்மா வீடுதான்!” என்று அவள் கத்த, ஊரே மண்ணில் விழுந்து கும்பிட்டது.

அந்த ஆரவாரத்தில் அவள் மெனெக்ராத்தின் காதைப் பிடித்து இழுத்தாள்.

“ஏண்டா, பழைய கோயிலுக்கு ஆறு தூணாச்சே. மிச்சம் ரெண்டு எங்கடா?”

“காசுல இடம் பத்தலை தாயே.”