ஏழாவது ஆரஞ்சு

"உரி."

"உரிச்சாச்சுடா கண்ணு. இந்தா."

ஜீவிதா ஐந்தாவது ஆரஞ்சைத் தட்டில் வைத்தாள். தீபக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் உரித்து வைத்த நான்கும் சுளை காய்ந்து கிடந்தன. சுவரோரம் சுருண்டிருந்தவன் கண்ணை மூடியபடி மறுபடியும் முனகினான்.

"உரி."

ஐந்து வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. இத்தனை நாளில் அவன் வாயில் வந்த ஒரே வார்த்தை அதுதான். ஆரஞ்சை அவள் கையில் திணித்து "உரி" என்பான். 'அம்மா' இன்னும் வரவில்லை.

நெற்றி கொதித்தது. காலையில் நூறு. இப்போது நூற்று இரண்டு.

கணவன் மதனின் போன் அணைந்திருந்தது. நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிய ஆறு மணியாகும். இப்போது மணி இரண்டு.

கரூரில் இருக்கும் மதனின் அக்கா நிர்மலாவைக் கூப்பிட்டாள்.

"அழறானா?" என்றாள் நிர்மலா.

"இல்ல அண்ணி."

"வாந்தி?"

"இல்ல. காலையில இருந்து படுத்தே கெடக்கான். சிரப் கொடுத்தும் சூடு எறங்கல."

"என்னைக்கும் ஓடறான்னு புலம்புவ, இன்னைக்கு ஓடலைன்னு புலம்புற. போன மாசமும் இப்படித்தான் தூக்கிட்டு ஓடின. அரை நாள் உக்கார வச்சு, எறும்பு கடிச்சிருக்குன்னு அனுப்பி வச்சாங்க. நீ பேசாம அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடு."

"பயமா இருக்கு அண்ணி. இந்த ஊர்ல பேசறதுக்குக்கூட எனக்கு ஒரு ஆள் இல்ல."

"அதான் மதன் வந்துருவான்ல? நாலு மணி நேரந்தானே. பொறு."

பொறுக்கலாமா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. போன மாதம் எறும்புக்கடிக்கு ஓடியதைச் சொல்லிச் சொல்லி மதனும் சிரித்திருக்கிறான். இன்றும் ஒன்றுமில்லை என்று அனுப்பினால்?

தீபக் எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வாசல்வரை போனான்.

"உரி."

"டவுசரை உரிக்கணுமா? சரி, வா."

கழற்றிவிட்டாள். குழாயைத் திறந்து, "சுர்ர்" என்று அவளே சத்தம் கொடுத்தும் பார்த்தாள். கால்களை இறுக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே திரும்பி வந்து படுத்துவிட்டான். காலையிலிருந்து இது நான்காவது தடவை. ஒரு சொட்டு போகவில்லை. தண்ணீர் தம்ளரையும் தட்டிவிடுகிறான்.

அழறானா என்று கேட்கிறாள் அண்ணி. அழாததுதானே பயம். சூடான தோசைக்கல்லில் கை வைத்தபோதும் அவன் அழவில்லை. சிவந்த விரல்களை யாருடையதோ மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழ் வீட்டில் குக்கர் விசிலடித்தது. அந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுகிறவன், இன்று அசையவில்லை. இரண்டாவது விசில். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மூன்றாவது விசிலில் ஜீவிதா பையை எடுத்தாள். வழியில் கேட்டால் கொடுக்க, மிச்சமிருந்த இரண்டு ஆரஞ்சையும் உள்ளே போட்டுக்கொண்டாள். எறும்புக்கடியாகவே இருக்கட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

படியிறங்குவதற்குள் அவள் தோளிலேயே கண்ணயர்ந்துவிட்டான். வாசலில் கீழ் வீட்டு மல்லம்மா நின்றிருந்தாள். எட்டு மாதம் முன்பு குடிவந்த அன்று இந்த அம்மாள் "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டதில், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் ஜீவிதா. கன்னடத்தில் 'வாங்க' என்று அர்த்தமாம். மதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறமும் வெட்கத்தில் பேச்சு வளரவில்லை.

"மகு... ஜ்வரா... ஆஸ்பத்ரே," என்றாள் ஜீவிதா, குழந்தை, காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று கன்னடத்தில் தெரிந்த மூன்று வார்த்தைகளையும் சேர்த்து.

மல்லம்மா பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். அடுத்த நிமிடம் தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தியிருந்தாள்.

ஆட்டோ குலுக்கலில் விழித்தவன் "உரி" என்றான். ஆறாவதை உரித்தாள். தள்ளிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில் கேட்கக் கேட்க, நர்ஸ் மகேஸ்வரி தமிழில் சொன்னாள். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துப் பெண். அவள் பேச்சில் வந்த கொங்குத் தமிழ் 'ங்க'வைக் கேட்டதே ஜீவிதாவுக்குப் பாதி தைரியம்.

"எட்டு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலீங்களா? நூத்தி மூணு இருக்குதுங்க. கூட்டிட்டு வந்தது நல்லதுங்கறார் டாக்டர். சாயந்தரம் வரைக்கும் விட்டிருக்கக் கூடாதுங்களாம்."

ஜீவிதா தலையாட்டினாள்.

"எங்க வலிக்குதுன்னு மட்டும் பையன் சொல்லிட்டா சுலபங்க."

"அவன் பேச மாட்டான் சிஸ்டர்."

மகேஸ்வரி குனிந்து அவன் அடிவயிற்றில் மெல்லக் கை வைத்தாள். தீபக் கண்ணைத் திறந்தான்.

"உரி," என்றான்.

"பழம் கேக்கறான். அது ஒண்ணுதான் சொல்லத் தெரியும்." கூச்சத்தோடு பைக்குள் கைவிட்டு ஏழாவது ஆரஞ்சை எடுத்தாள் ஜீவிதா.

மகேஸ்வரியின் கை அப்படியே நின்றது. "பையன் ஸ்கூலுக்குப் போறானுங்களா?"

"ஸ்பெஷல் ஸ்கூல். அங்க எல்லாருமே கன்னடம்தான். போன வாரம் முட்டி சிராய்ச்சு மருந்து போட்டப்ப, தேவம்மான்னு ஒரு ஆயாதான் ஏதோ சொல்லிச் சொல்லி ஊதிவிட்டாங்க. ஏன் சிஸ்டர்?"

"அக்கா, அவன் பழம் கேக்கலீங்க. கன்னடத்துல 'உரி'ன்னா எரியுதுன்னு அர்த்தம்."

பேச ஒரு ஆளில்லை என்று அவள் தவித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில், காலையிலிருந்து அவளிடம் ஒருவன் விடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான்.