சன்னலைத் திறக்கச் சொன்ன நீதவான்

“மாமா, இண்டைக்கு உங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டப்போறன்” என்று அப்புத்துரை வந்து நின்றபோதே சமையல்கார அன்னபூரணத்துக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

பின்னேரம் மூன்று மணி. ஊர்காவற்றுறையில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ட்ராக்ரரில் ஏற்றி நாரந்தனைக்குக் கொண்டுவந்திருந்தான். ஒருத்தருக்கும் ஒரு பிளேன்ரீகூட வாங்கிக் கொடுக்காத மனுசன், மாமனுக்காக இவ்வளவு பாடுபடுகிறான் என்றால் சும்மாவா? நாளைக்குக் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு வருகிறார். நாற்சார் வீட்டையும் பின்வளவுப் பனங்காணியையும் அப்புத்துரை பேருக்கு எழுதலாமா என்று ஐயா யோசித்துக்கொண்டிருந்தார்.

ஐயா என்றால் ஓய்வுபெற்ற நீதவான் அம்பலவாணர். வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி கட்டுகிறவர். ஊர் நிலவரம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. போன மாதம் சண்டையால் பாதையெல்லாம் பூட்டி, சந்தையில் ஒரு மீன் தலைகூட இல்லாத நாளில், “அப்ப காரை அனுப்பி யாழ்ப்பாணத்திலை இறைச்சி எடுப்பியுமன்” என்றார். கார் பெற்றோல் இல்லாமல் கொட்டிலில் நின்று இரண்டு வருசம். அதற்குள் கோழி அடை கிடக்கிறது. அன்னபூரணம் “ஓம் ஐயா” என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் காய்ச்சி வைத்தாள்.

அவருக்கு ஒரே மகன் பரராசசிங்கம். தாயில்லாத பிள்ளை. பத்து மாதக் குழந்தையிலிருந்து அன்னபூரணம்தான் தூக்கி வளர்த்தாள். எண்பத்து மூன்றில் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவன், பாதியில் விட்டுவிட்டுத் தூரிகையும் கையுமாகப் படம் கீறப் போய்விட்டான்.

“படம் கீறுறவன் எனக்குப் பிள்ளையில்லை.”

அதுதான் ஐயாவின் தீர்ப்பு. மகன் எழுதிய கடிதங்களை உடைக்காமலே திருப்பி அனுப்பினார். பிறகு கடிதமும் நின்றுவிட்டது. ஆறு வருசம்! அன்னபூரணத்துக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒளித்தாவது ஒரு கடிதம் போட்டிருப்பாள். அந்தப் பிள்ளையை நினைத்து ஏங்காத நாள் அவளுக்கு இல்லை.

அப்புத்துரை கசெற்றைப் போட்டான்.

“லண்டன் ரீவியிலை போன கார்ட்டூன் மாமா. சிநேகிதன் ஒருத்தன் கொப்பி பண்ணி அனுப்பினவன். கீறினது ஆரெண்டு கடைசியிலை பேர் வரும், பாருங்கோ. உங்கடை மகன்தான்.”

அம்பலவாணர் கழுத்துப்பட்டியை இரண்டு விரலால் இழுத்துவிட்டார். கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

ஆகாயத்தில் மிதக்கிற ஒரு நீதிமன்றம். தங்கப் பொய்முடி வைத்த ஒரு கிழட்டு நீதவான். கழுத்துப்பட்டியை இரண்டு விரலால் இழுத்துவிடுகிற விதம், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை, எல்லாம் அச்சொட்டாக ஐயாவேதான்! கூண்டில் வேற்றுக் கிரகத்து ஏழை ஒருவன் மூன்று கண்ணாலும் அழுதுகொண்டு நின்றான்.

இங்கிலீசு தெரியாத அன்னபூரணத்துக்கு, படத்தின் சத்தத்தையும் மேவி அப்புத்துரை விளக்கம் சொன்னான். மாமனுக்கு ஒன்றும் தப்பிவிடக் கூடாதென்ற கரிசனை.

“தங்கடை கிரகத்திலை மூச்சுவிடக் காத்து இல்லையெண்டு அவன் அழுகிறான். அப்ப சன்னலைத் திறக்கிறதுதானே எண்டு நீதவான் கேக்கிறார்! பாத்தியளே அன்னபூரணமக்கா, தேப்பனை உலகத்துக்கே பகிடியாக் காட்டியிருக்கிறான்.”

பத்து நிமிசத்தில் படம் முடிந்தது.

“திருப்பிப் போடும்” என்றார் அம்பலவாணர்.

வழக்கை மூன்று தரம் பார்க்காமல் தீர்ப்பு எழுதாத மனுசன் அவர். அது அப்புத்துரைக்கும் தெரியும். முகமெல்லாம் மலர மறுபடி போட்டான்.

அன்னபூரணத்தால் நிற்க முடியவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் குந்தினாள். ‘உனக்குக் கீற வேறை ஆளே கிடைக்கேல்லையோ பரராசா?’ என்று மனதுக்குள் ஏசினாள். ஏச ஏச அழுகைதான் வந்தது. என்றைக்காவது வருவான், வந்த கையோடு புட்டும் மீன்குழம்பும் கேட்பான் என்றிருந்தாள். நாளைக்கு உறுதி எழுதினால் அவன் வருவதற்கு வீடே இருக்காது.

“அன்னபூரணம், இஞ்சை வாரும்!”

போனாள்.

“இந்தக் கதிரையிலை இரும்.”

இருபத்தைந்து வருசத்தில் ஐயா அவளை இருக்கச் சொன்னது அதுதான் முதல் தரம். நுனியில் இருந்தாள்.

“அப்புத்துரை, இனி நீர் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. போடும்.”

மூன்றாம் தரமும் படம் ஓடத் தொடங்கியது. அன்னபூரணம் பயந்து பயந்து ஐயாவைப் பார்த்தாள். அவர் படத்தையே பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“நீரும் கண்ணை மூடும். அந்தக் கிழவனைப் பாராதையும். வடிவாக் கேளும்.”

மூடினாள். பொய்முடி நீதவான் பேசினார். ஐயாவைப் போலவே சொல்லுக்குச் சொல் நிறுத்தி, அதட்டி, செருமி. ஆனால் அது ஐயாவின் தொண்டை இல்லை.

அன்னபூரணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ… எங்கடை பரராசா!”

“ஓம். நீதவானுக்குக் குரல் குடுக்கிறதும் அவன்தான்.”

“மாமா, அப்ப நாளைக்கு நொத்தாரிசு…” என்று இழுத்தான் அப்புத்துரை.

“அவர் வரத் தேவையில்லை. இந்தச் சாமானுகளை மட்டும் நாளைக்கும் விட்டிட்டுப் போம்.”

பிறகு அன்னபூரணத்தின் பக்கம் சரிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“கவனிச்சனீரே? பிள்ளைக்கு மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்சிருக்கு. அந்தக் குளிருக்குள்ளை ஆர் அவனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறது?”