டெல்பர்ட் கட்டிய இன்ஜின்

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பிடிச்சா வாங்குங்க, இல்லேன்னா கிளம்புங்க" என்றாள் மார்லா.

காரை வாங்க வந்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஐந்நூறு குதிரைச் சக்தி என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, சத்தம் கேட்காமல் வாங்கு என்றால் எவன் வாங்குவான்? உள்ளே எதையோ உடைத்துவிட்டு மறைக்கிறாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு ட்ரக்கில் ஏறிப் போனான். அவனுக்கு முன்னால் வந்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த வெர்னுக்கு வயிறு எரிந்தது. விளம்பரம் எழுதிக் கொடுத்ததே அவர்தான். அவரும் மார்லாவின் அப்பா டெல்பர்ட்டும் அடுத்தடுத்த வீடு. டேட்டன் நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள்.

எழுபதாம் வருஷத்து செவெல் கார் ஒன்றை வாங்கி, அதன் சாது இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயத்துக்கு ஆகிற மாதிரி ஒரு பெரிய இன்ஜினைத் துண்டு துண்டாகச் சேர்த்து அதில் ஏற்றினார்கள். சனிக்கிழமை வந்தால் இரண்டு பேரும் கராஜே கதி என்று கிடந்தார்கள்.

போன மாதம் டெல்பர்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். சிகாகோவிலிருந்து வந்த மகளோ, இந்தக் காரைத் தலைமுழுகினால் போதும் என்று நிற்கிறாள்.

வெர்ன் மூச்சு வாங்க வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "உங்கப்பன் உசுரே இதுலதான் இருந்துச்சு, கண்ணு. உங்கம்மா சமையல்கட்டுல விழுந்து செத்துப் போனாளே, அன்னிக்கோட சரி. அதுக்கப்புறம் அவன் இதுல சாவியே போடல. அவ்வளவு துக்கம் அவனுக்கு. நீயாவது ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டு, கேக்கறதுக்கு மேலயே கொடுப்பாங்க."

"யாருக்கும் காட்டறதா இல்ல, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் கொலம்பஸிலிருந்து கீகன் என்று ஓர் இளைஞன் டிரெய்லரோடு வந்தான். இன்ஜினை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. தனக்கு வேண்டியது காரின் உடம்பு மட்டும்தான், இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரியும் மின்சார மோட்டாரும் வைக்கப் போகிறேன், அதனால் பாதி விலைதான் தருவேன் என்றான். பழைய கார்ப் பைத்தியங்கள் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மார்லா ஒன்றே ஒன்று கேட்டாள். கழற்றுகிற இன்ஜினை என்ன செய்வாய்? யாருக்காவது விற்பேன் என்றான். விற்கக் கூடாது, நொறுக்கிப் பழைய இரும்புக்குப் போட வேண்டும், சம்மதமென்றால் விலையை இன்னும் குறைத்துக்கொள் என்றாள். அவனுக்குக் கசக்குமா என்ன?

டிரெய்லரில் இருந்த வின்ச் என்கிற இழுவை எந்திரத்தை ஓடவிட்டு அவன் காரை இழுத்து ஏற்ற ஆரம்பித்தான். பார்க்கப் பார்க்க வெர்னுக்குப் பொறுக்கவில்லை. அவன் தருவதைப்போல இரண்டு மடங்கு நான் தருகிறேன், வங்கியில் இருப்பது அத்தனையும் தருகிறேன் என்றார். உங்களுக்குத் தர மாட்டேன் என்றாள். அவ்வளவுதான், பெரியவருக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. செத்தவன் மேல் என்ன வஞ்சம் உனக்கு, பெற்ற மகள் செய்கிற காரியமா இது என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். மார்லா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சங்கிலி மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்திக் கத்தி ஓய்ந்ததும் வெர்னின் குரல் இறங்கிவிட்டது. கண் கலங்கியிருந்தது.

"கார் போனா போகட்டும், கண்ணு. இன்ஜினை மட்டுமாவது எனக்குக் கொடு. என் கராஜ்ல ஒரு ஸ்டாண்டு போட்டு வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கிட்டு?"

"சனிக்கிழமையானா ஸ்டார்ட் பண்ணி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். உங்கப்பன் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்."

மார்லா அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"அம்மா தரையில விழுந்து கிடந்துக்கிட்டு எனக்குத்தான் போன் பண்ணினாங்க, அங்கிள். ரொம்ப நேரம் என்னமோ சொன்னாங்க. எனக்கு உங்க இன்ஜின் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."