நடுப்பாலத்தில் ஒருவன்

"எல்லாரும் நடக்கிறாங்க, இவன் மட்டும் ஏம்மா நிக்கிறான்?" தலைமை வடிவமைப்பாளர் கணினித் திரையில் விரலை வைத்தார்.

கால்வாய்க்கு மேலே வரப்போகும் நடைபாலத்துக்கு அவள் வரைந்த படம் அது. மாநகராட்சி அதிகாரிகள் மத்தியானம் பார்க்க வருகிறார்கள்.

பாலத்தின் அகலமும் கைப்பிடியின் உயரமும் பார்த்தவுடன் புரிய வேண்டுமே. அதற்காகப் படத்துக்குள் நாலு ஆட்களை வெட்டி ஒட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். குடை பிடித்த பெண், தள்ளுவண்டியில் குழந்தை, நாயோடு ஒரு பெரியவர். ஊரில் எந்தப் பாலத்தை வரைந்தாலும் இதே கூட்டம்தான் சலிக்காமல் நடக்கும்.

இவன் புதுசு. முதுகுப்பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரித்தபடி நடுப்பாலத்தில் நின்றான்.

எல்லாருக்கும் நிழல் விழுகிறது, இந்த ஐயாவுக்கு மட்டும் இல்லையே என்று அவர் கேலி செய்தார். ஆளைத் தூக்கிவிடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டுக்குள் எடுத்த போட்டோ, நிழல் போட அவளுக்குத் தோன்றவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்தப் பாலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதுவரை அவர் சொல்லி ஒன்றையும் மறுத்ததில்லை. இவனை அழிக்க மட்டும் கை வரவில்லை.

அந்த இடத்தில் இப்போது இருப்பது கரைக்குக் கரை போகும் ஒரு பெரிய தண்ணீர்க் குழாய். சுற்றிப் போக அலுத்துக்கொண்டு ஜனங்கள் அதன் மேலேயே நடப்பார்கள். பாலம் கேட்டுக் கொடுத்த மனுக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. போன மழைக்காலத்தில் ஒரு பையன் வழுக்கி விழுந்த பிறகுதான் அசைந்தன.

அவர் திரும்பி வந்தபோது அவன் நடுப்பாலத்தில் இல்லை. அக்கரையில் படியிறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றான். நிழலும் ஒழுங்காக விழுந்திருந்தது.

விடமாட்டாய் போலிருக்கிறதே, அப்படி யார் இவன் என்று கேட்டுச் சிரித்தபடி, அவர் மறுபடியும் விரலை வைத்தார்.

"என் தம்பி சார். அன்னைக்குக் குழாய் மேல வந்தவன். இதுலயாவது வீடு வந்து சேரட்டும்னு..."

அவர் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.