நாட்டு நிலைமை

இரும்புக் கம்பி ஒடோக்கியின் முழங்காலில் இறங்கியது. முகமூடி போட்ட மூன்று பேர் கம்பாலாவின் அந்த இணையத் தொலைபேசி நிறுவனத்துக்குள் புகுந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இயக்குநர் செந்தோங்கோ இரண்டு கைகளையும் தூக்கியபடி சுவரோரம் நின்றார். டை மட்டும் கசங்கவில்லை.

"ஐயா… லைன்…" என்றான் ஒடோக்கி. அங்கே இருந்த ஒரே எஞ்சினியர் அவன்தான்.

"வாயத் திறந்தே, பல்லு இருக்காது!" முகமூடிக் கூட்டத்தின் தலைவன் வாஸ்வா கன்னத்தில் ஒன்று விட்டான். சொன்ன சொல் தவறாதவன். ஒரு பல் தெறித்து மேசைமேல், பச்சை விளக்கு எரிந்த தொலைபேசியின் பக்கத்தில் விழுந்தது.

அப்புறம் அவன் முகமூடியை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, இயக்குநரை அந்த ஊர் வழக்கில் 'ஐயா' என்று விளித்துப் பணிவாகக் கேட்டான். "அடுத்தது எதை உடைக்கணும், ஸெபோ?"

"முகமூடிய இறக்குடா, மடையா! கேமராவுக்குக் காதுதான் கிடையாது, கண்ணு இருக்கு."

காலை ஆறு மணியிலிருந்து, அந்த நிறுவனம் அரசுக்காக நடத்தும் ஆம்புலன்ஸ் எண்ணை யார் அழைத்தாலும் மயான அமைதி. இன்னொரு முறை லைன் செத்தால் ஒப்பந்தம் ரத்து என்று அமைச்சகத்தின் பிருங்கி அம்மாள் போன வாரமே எச்சரித்திருந்தார். ஆனால் ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: வன்முறையால் தடைபட்ட நேரம் கணக்கில் சேராது.

"பழுதாகி நின்னா நம்ம தப்பு. அடிச்சு நொறுக்கி நின்னா நாட்டு நிலைமை," என்றார் செந்தோங்கோ, கையை இறக்காமல். "கேமரா கடிகாரத்த ஆறு மணிக்குத் திருப்பி வச்சாச்சு. ம், நடக்கட்டும்."

"ஐயா, நான் சொல்றத ஒரு நிமிஷம்…"

விலாவில் ஓர் உதை. ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

"உன் ரத்தம் வீண் போகாது, தம்பி. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒண்ணு தரேன்."

மூலையில், அழைப்புகளை இணைக்கும் இரண்டு இரும்புப் பெட்டிகள் நின்றன. 'ஒன்று விழுந்தால் மற்றொன்று கண்ணிமைக்கும் நேரத்தில் தாங்கும்' என்று திறப்பு விழாவில் இயக்குநர் முழங்கியது அவற்றைப் பற்றித்தான். இரண்டாவதற்கு ஒயர்கூட மாட்டாமல் ஒரு வருடமாக விழா ரிப்பனோடு நிறுத்தியிருந்தார்கள். அந்த ரிப்பன் இன்று தரையில் கிடந்தது.

"முதல் பெட்டிய நொறுக்கு!"

வாஸ்வா கம்பியை ஓங்கி இறக்கினான். பெட்டி பிளந்து தீப்பொறி பறந்தது. மேசைமேல் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது, அணையவில்லை.

"போதும்," என்று செந்தோங்கோ டையைச் சரிசெய்துகொண்டார். "அந்த பிருங்கி அம்மா கூப்பிட்டா அழுதுக்கிட்டே பேசிக்கிறேன். அதுக்கு என்ன தெரியும், போன்ல எந்தப் பக்கம் பேசணும்னே தெரியாது."

ஒடோக்கி தவழ்ந்து வந்து, ரத்தம் சொட்டும் விரலைத் தொலைபேசியை நோக்கி நீட்டினான்.

"ரெண்டாவது பெட்டிய மாட்டி… லைன் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துருச்சு, ஐயா. சரியா கேக்குதான்னு பாக்க… அவங்களத்தான் கூப்பிட்டிருந்தேன்."

தொலைபேசியின் ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"போலீஸ் உங்க வாசலுக்கு வந்தாச்சு, ஒடோக்கி, பொறுத்துக்கோ," என்றது ஒரு பெண் குரல். "டைரக்டர், பாராட்டுகள். ஒரு வார்த்தகூட அறுந்துபோகல!"