நம்பி அனுப்பலாம்

ஆறடி ஏழங்குலப் பையன் ஒருவனைத் தன் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குப் பிடித்துப்போட, டெக்சாஸிலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் வந்திருந்தான் அசிஸ்டன்ட் கோச் நவநீத்.

"பத்து வருஷத்துல அஞ்சு காலேஜ்ல வேலையா?" என்றார் பையனின் அப்பா சடகோபன்.

"ஆமா அங்கிள். டீம் தோத்தா ஹெட் கோச்சைத் தூக்குவாங்க. கூடவே எங்களையும் தூக்கிடுவாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சடகோபனோ அசந்துபோனார்.

"எவ்ளோ எக்ஸ்பீரியன்ஸ்! வீடு?"

"ரெண்டு சூட்கேஸ், ஒரு ஏர் மேட்ரஸ்."

"இதுதான் டெடிகேஷன்! விஷாகா, கோச்சுக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வைம்மா" என்று மூத்த மகளைக் கூப்பிட்டார். "நாலு வருஷம் பையனை உங்களை நம்பித்தான் அனுப்பறோம்."

நவநீத் ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒப்பந்தத்தில் பையன் கையெழுத்துப் போட்டான்.

இவ்வளவு பாராட்டை நவநீத் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில், ஃபைலுக்கு அடியில் அம்மா வைத்து அனுப்பியிருந்த தன் ஜாதகத்தையும் எடுத்து நீட்டினான்.

"விஷாகாவுக்கு நீங்க வரன் பாக்கறதா அம்மா சொன்னாங்க அங்கிள்..."

சடகோபன் அதைப் பிரிக்கக்கூட இல்லை. நான்காய் மடித்து, அவன் சட்டைப்பையிலேயே செருகினார்.

"பையனை நம்பி அனுப்பலாம் தம்பி. பொண்ணைக் குடுக்கணும்னா ஒரு கட்டிலாவது வேணாமாப்பா?"