முதலில் இட்ட சிவப்பு

கடிகாரக் கதவின் கண்ணாடிக்குப் பின்புறத்தில்தான் கெசையா சித்திரம் தீட்டுவாள். முன்னால் தெரியவேண்டியதை முதலில் இடவேண்டும். வீடும் வானமும் அதன்பிறகு. வீட்டைத் தீட்டியபின் அதன் முன்னே எதையும் சேர்க்க இயலாது. அமெரிக்காவின் கனெடிகட்டில் கடிகாரக் கண்ணாடி தீட்டும் தூரிகைக்காரிகள் அனைவரும் அறிந்த விதி அது.

காலையில், வண்டியில் ஊரூராகக் கடிகாரம் விற்கும் லெமுவேல், தான் விற்ற ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

“உன் கைவரிசையப் பாரு, அக்கா. வாசல்ல ஒரு பொம்பளையக் கிடத்தியிருக்கே. வாங்கினவன் பொண்டாட்டிய அதே மாதிரி வாசல்ல போட்டு வெட்டிட்டான். கோடாலியால மூணு வெட்டு.”

“நான் வீடு மட்டுந்தான் வரைஞ்சேன்.”

“அப்போ கடிகாரமே வரைஞ்சுக்கிச்சா? உள்ள ஓடுற மரச் சக்கரத்துக்கு அம்புட்டு சாமர்த்தியமா!”

கெசையா அதன் கண்ணாடியின் பின்புறத்தைக் கத்தியால் சுரண்டினாள். வானம் உதிர்ந்தது, வீடு உதிர்ந்தது. சிவப்பில் தோய்ந்த பெண் எஞ்சினாள். மூன்று வெட்டுகளும் இருந்தன.

மேசையில் தங்கை லோயிஸின் வீட்டுக்கான கண்ணாடி காய்ந்துகொண்டிருந்தது. அதை வேண்டிக் கேட்டவன் அவள் கணவன். சென்ற மாதம் அவளுடைய சுண்டுவிரலை முறித்தவன். கெசையா அதை முன்புறமாகத் திருப்பினாள். அதன் வாசலிலும் சிவப்பில் ஒரு பெண்.

சுத்தியலால் அதை நொறுக்கினாள்.

“அடிப் பைத்தியக்காரி! என்ன பண்றே?” என்று லெமுவேல் பின்வாங்கினான்.

அவள் புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்தாள். தூரிகை இன்னும் வண்ணத்தைத் தொடவில்லை. கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வீடில்லாத, வானமில்லாத வெறுமையில் அந்தப் பெண் கிடந்தாள். ஐந்து வெட்டுகள். சுண்டுவிரல் வளைந்திருந்தது. கெசையா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது.